பட்டறைக்குள் ஒரு கேமரா

நவம்பர் 19

அன்பு மகள் மார்லாவுக்கு,

உன் அப்பா எமில் எழுதுவது. நீயும் குழந்தை ஐவியும் சுகமாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பு இல்லை.

கையெழுத்தைப் பார்த்து வேறு யாரோ எழுதியது என்று நினைத்துவிடாதே. இடது கையால் எழுதுகிறேன். வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. ஏணியிலிருந்து விழுந்துவிட்டேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். பக்கத்து வீட்டு அல்பீனா விடவில்லை. "நீ பொய் எழுதினா நான் தனியா ஒரு கடுதாசி போடுவேன் எமில். பள்ளிக்கூடப் பஸ் ஓட்டியே கெழவியானவ நான். எந்தப் பிள்ளை பொய் சொல்லுதுன்னு கண்ணாடியிலயே கண்டுபிடிச்சிடுவேன்" என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். அதனால் நடந்ததையே எழுதுகிறேன்.

டெரிக் வந்தான். உன் வீட்டுக்காரன் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. இனி அவன் பெயரையே எழுதுகிறேன்.

நான் பட்டறையில் பனி தள்ளும் இயந்திரம் ஒன்றைப் பிரித்துப் போட்டிருந்தேன். குளிர்காலம் தொடங்கப் போகிறதல்லவா, ஊரே கொண்டுவந்து குவித்திருக்கிறது. நிமிர்ந்து பார்த்தால் கதவருகே நிற்கிறான். கையில் டயர் கழற்றும் இரும்பு. குடித்திருக்கவில்லை. "மார்லா எங்க மாமா?" என்று சாதாரணமாகக் கேட்டான். தெரியாது என்றேன். அது உண்மைதானே. உன் கடிதங்கள் அந்தப் பெண்கள் காப்பகத்து அலுவலகம் வழியாக வருகின்றன. அதில் ஊர் முத்திரைகூட இல்லை. அவன் என் கையைப் பிடித்து மேசைமேல் வைத்து அழுத்திக்கொண்டு அடித்தான். மறுபடியும் கேட்டான். மறுபடியும் தெரியாது என்றேன். மறுபடியும் அடித்தான். எலும்பு உடைவது காதில் கேட்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

போகிற போக்கில் பட்டறை ஜன்னல் எல்லாவற்றையும் உடைத்துவிட்டுப் போனான்.

துணை ஷெரீப் ராண்டல் வந்தார். நல்ல மனிதர். "அவன்தான்னு எனக்குத் தெரியும் எமில். ஆனா அவன் அண்ணன் கர்டிஸ், அன்னிக்கு முழுக்க மான் வேட்டைல என்கூடத்தான் இருந்தான்னு சத்தியம் பண்றான். உங்க பேச்சு ஒண்ணு, அவங்க பேச்சு ரெண்டு" என்றார். உன்னையும் என்னையும் அவன் நெருங்கக் கூடாது என்று நீதிபதி போட்ட உத்தரவு என் சமையலறைச் சுவரில் ஒட்டியிருக்கிறது. அதைக் காட்டினேன். அவன் வந்தான் என்பதற்குச் சாட்சி இருந்தால்தான் அந்தக் காகிதத்துக்கு உயிர் என்றார். அல்பீனா அன்றைக்குத் தேவாலய மண்டபத்தில் சீட்டாடிக்கொண்டிருந்தாள். நம் சந்தில் வேறு யார் இருக்கிறார்கள்?

துப்பாக்கி என்ன ஆயிற்று என்று கேட்பாய். அது வீட்டுக்குள் பூட்டிய பெட்டியில் இருந்தது. இப்போது அதையும் அல்பீனா கொண்டுபோய்விட்டாள். "உன் கையில இருந்தா நீ சுட்டுடுவ. நான் யார்கூடச் சீட்டாடறது?" என்றாள்.

அதனால் கேமரா வைப்பதென்று முடிவு செய்தோம். அவளே வண்டி ஓட்டி லிங்கன் நகரத்துக்குக் கூட்டிப் போனாள். கடையில் ஒரு சுவர் முழுக்கக் கேமராப் பெட்டிகள். ஒவ்வொரு பெட்டியிலும் சிரித்த முகமாக அம்மா, அப்பா, குழந்தைகள், ஒரு பெரிய நாய். அல்பீனா உரக்கவே கேட்டாள்: "இந்தக் குடும்பத்துக்கு எதுக்குக் கேமரா? இவங்க வீட்டுக்கு யாரு வந்து என்ன பண்ணிடப் போறா?" விற்கிற ஆள் சிரித்துவிட்டார். கம்பி வேண்டாம், பேட்டரி போட்டால் போதும், யாராவது வந்தால் போனில் மணி அடிக்கும் என்று நான்கு கேமராக்கள் இருக்கும் ஒரு பெட்டியை எடுத்துக் கொடுத்தார். எட்டிப் பிடிக்க முடியாதபடி கூரை விளிம்புக்குக் கீழே உயரத்தில் மாட்டுங்கள் என்றார். அப்படியே மாட்டியாயிற்று. அல்பீனா ஏணியில் ஏறினாள், நான் கீழே நின்று திட்டு வாங்கினேன்.

ஆகவே கவலைப்படாதே. நீ இருக்கிற இடத்திலேயே இரு. என்னைப் பார்க்க வருகிறேன் என்று மட்டும் கிளம்பாதே.

உன் நன்மையையே வேண்டும்,
அப்பா

பிப்ரவரி 8

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஐவிக்கு முன்பற்கள் இரண்டும் விழுந்துவிட்டன என்பதைப் படித்து அல்பீனாவிடம் போய் வாசித்துக் காட்டினேன். கசகசா வைத்த கொலாச்சி பன் கேட்டு அழுகிறாள் என்று எழுதியிருந்தாய். பல் இல்லாமல் எப்படிக் கடிப்பாளாம்?

என் கட்டைப் பிரித்துவிட்டார்கள். இது வலது கை எழுத்து. சில விரல்கள் முழுதாக மடங்கவில்லை, ஆனால் ஸ்பேனர் பிடிக்கிறது.

இனி எழுதப்போவதை ஐவி பக்கத்தில் இல்லாதபோது படி. பஸ்டர் செத்துவிட்டது. நாங்கள் கட்டுப் பிரிக்க மருத்துவமனை போயிருந்த நேரத்தில் டெரிக் வந்திருக்கிறான். என் பிக்கப் வண்டியில் எண்ணெய் ஊற்றிக் கொளுத்தியிருக்கிறான். பஸ்டர் குரைத்திருக்கும், வேறென்ன தெரியும் அதற்கு. வண்டிக்குப் பக்கத்தில் பனியில் கிடந்தது. மண்டையில் ஒரே அடி. தரை உறைந்து இரும்பாகக் கிடக்கிறது, புதைக்கக்கூட முடியவில்லை. இளகும்வரை பின்கொட்டகையில் கான்வாஸ் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். ஐவியிடம் வயதாகிப் போய்விட்டது என்று சொல். அதில் பாதியாவது உண்மை.

கேமராக்கள் என்ன செய்தன என்று கேள். டிசம்பர் முழுக்க முயல் ஓடினால் மணி, பனி விழுந்தால் மணி, அஞ்சல்காரர் தும்மினால் மணி. ஜனவரிக் குளிர் வந்ததும் பேட்டரிகள் ஒவ்வொன்றாகச் செத்துவிட்டன. உயிரோடு இருந்தது ஒன்றுதான். அது அவனைப் பிடித்தது. எப்படிப் பிடித்தது? உயரத்திலிருந்து கீழே பார்க்கிறது, எனவே ஒரு பழுப்புத் தொப்பியும் இரண்டு தோளும் தெரிகின்றன. ராண்டல் அதை மூன்று முறை ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எமில், இது ஒரு தொப்பி." இந்த மாவட்டத்தில் பாதிப் பேர் தலையில் அந்தத் தொப்பி இருக்கிறது. விதைக் கடையில் சும்மா கொடுப்பது.

அன்று எனக்கு வந்த கோபத்தை எழுத மாட்டேன்.

பிறகு மாரிபெல் ஒச்சோவா வந்தாள். பக்கத்து ஊர்க்காரி, மின்வேலை செய்கிறவள். பண்ணைகளுக்கும் பெட்ரோல் பங்க்குகளுக்கும் கேமரா போட்டுக் கொடுக்கிறாள். வந்தவள் தன் கருவிப் பெட்டியைத் திறக்கவில்லை. சமையலறையில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டே கேட்டாள்: "யாருக்காக சார் வைக்கிறீங்க? தெரியாத திருடனுக்கா, தெரிஞ்ச ஆளுக்கா?"

எவனாயிருந்தால் என்ன என்றேன்.

"வித்தியாசம் இருக்கு சார். திருடன் கேமராவப் பாத்தா அடுத்த வீட்டுக்குப் போயிடுவான். தெரிஞ்ச ஆளு போகமாட்டான். கேமராவ ஒடச்சிட்டு உங்ககிட்டதான் வருவான். அவனுக்கு வேற மாதிரி வைக்கணும்."

சுவரில் இருந்த உத்தரவை ஒருமுறை பார்த்தாள். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. அவள் அக்காவுக்கும் ஒரு காலத்தில் இப்படி ஒரு காகிதம் இருந்ததாம். அக்கா இப்போது எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். அளவு நாடாவை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

பழையதை எல்லாம் கழற்றிவிட்டாள். இப்போது எல்லாமே கேபிள், பேட்டரி ஒன்றுகூட இல்லை. கூரைக்குக் கீழே பெரிதாக வெள்ளையாக ஒன்று. "இது அவன் ஒடைக்கிறதுக்கு" என்றாள். வாசலில் மின்மீட்டர் பெட்டிக்குள் ஒன்று, ஆள் முகத்துக்கு நேர் உயரத்தில், கண்ணுக்குத் தெரியாது. சந்து முனையில் தபால் பெட்டிக் கம்பத்தில் ஒன்று, வண்டி எண்ணைப் படிப்பதற்கு மட்டும். பட்டறைக்குள் வேலை மேசைக்கு மேலே ஒன்று, சத்தமும் சேர்த்துப் பதிகிறது. பட்டறைக்குள் வேண்டுமா என்று நானே தயங்கினேன். நாள் முழுக்க நான் மூக்கு நோண்டுவதும் பதிவாகுமா என்றேன். "ஆகும் சார். சத்தத்தோட" என்றாள். அல்பீனா சிரித்து அடங்க நேரமாயிற்று.

பதிவுப் பெட்டி நிலவறையில் இருக்கிறது. ஆனால் அதே பதிவு இன்னொரு பிரதியாக வெளியே எங்கோ போய்ச் சேர்ந்துகொண்டே இருக்கும். அது எதற்கு என்றேன். "வண்டியக் கொளுத்தினவன் வீட்டக் கொளுத்த மாட்டானா? பொட்டி எரிஞ்சாலும் படம் எரியக்கூடாது" என்றாள். நான் எரிந்தால் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

இப்போது நன்றாகத் தூங்குகிறேன். நீயும் தூங்கு. ஐவியின் பற்கள் முளைத்ததும் எழுது.

உன் அப்பா

ஏப்ரல் 27

என் மகளே,

காப்பகத்து அம்மாள் உங்கள் இருவரையும் உடனே வேறு ஊருக்கு மாற்றிவிட்டதாகப் போனில் சொன்னார்கள். ஏன் மாற்றினார்கள் என்பதை நான் சொல்வதுதான் முறை. மூன்று விலா எலும்பு, இரண்டு பல், ஒரு காதில் பாதிக் கேட்கும் திறன். எனக்குப் போனது இவ்வளவுதான். அதனால் முதலில் மூச்சு விட்டுக்கொள். பிறகு படி.

ஞாயிற்றுக்கிழமை காலை. நல்ல வெயில். பனி உருகி முற்றமெல்லாம் சேறு. அல்பீனா தேவாலயம் போயிருந்தாள். நான் பட்டறையில் இருந்தேன். போனில் மணி அடித்தது. பார்த்தால் அவன் வண்டி தபால் பெட்டியைக் கடக்கிறது, எண் தெளிவாகத் தெரிகிறது. ராண்டலை அழைத்தேன். மாவட்டத்தின் அந்தக் கோடியில் இருப்பதாகவும், கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளேயே இருக்கும்படியும் சொன்னார். பூட்டினேன்.

முதலில் அந்த வெள்ளைக் கேமராவை உடைத்தான். கோடரியை வீசி உடைத்துவிட்டு, "மாமா, உன் கண்ணு போச்சு!" என்று கத்திச் சிரித்தான். மீட்டர் பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டுதான் சிரித்தான். பிறகு பட்டறைக் கதவைப் பிளந்தான். மரம் பிளக்கிற சத்தத்தை அவ்வளவு பக்கத்தில் நின்று கேட்க வேண்டிய நிலை யாருக்கும் வேண்டாம்.

"போன தடவ கை. இந்தத் தடவ எது வேணும்னு நீயே சொல்லு மாமா" என்றான். கோடரிக் காம்பால் விலாவில் அடித்தான். விழுந்தவனை வாயிலும் காதிலும் அடித்தான். வண்டி எரிந்ததைப் பற்றியும் நாய் எப்படி ஊளையிட்டது என்பதைப் பற்றியும் சிரித்துச் சிரித்துச் சொன்னான். மேசைக்கு மேலே இருந்த கேமரா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தது. எனக்கு அந்த நினைப்பு ஒன்றுதான் தெம்பு. பேசட்டும், இன்னும் பேசட்டும் என்று வாயில் ரத்தத்தோடு கிடந்தேன். மகளே, அதுவரை நான் சரியாகத்தான் இருந்தேன்.

பிறகு அவன் என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டான். "நான் இன்னிக்குக் கேக்க வரல மாமா. சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்" என்றான். ஒரு ஊர்ப் பெயரைச் சொன்னான். அதை இங்கே எழுத மாட்டேன். நீ எங்கே இருக்கிறாய் என்று எனக்கே தெரியாதே, அவன் சொல்வது நிஜமா பொய்யா என்று நான் எப்படிக் கண்டேன்? அடுத்து அவன் சொன்னான்: "யாரோ ஒருத்தி தன் பிள்ளையோட பிறந்தநாள் படத்த நெட்ல போட்டிருக்கா. ஓரத்துல நம்ம ஐவி. முன்பல்லு ரெண்டும் போச்சு போல. சிரிச்சா அழகாத்தான் இருக்கு. போறப்ப உங்க சார்புல என்ன கொண்டு போகட்டும்?"

எழுந்து கதவை நோக்கி நடந்தான்.

நான் எழுந்தேன். எப்படி எழுந்தேன் என்று மருத்துவருக்கும் புரியவில்லை. பெரிய குழாய் ஸ்பேனர் கைக்கு வந்தது. பின்னாலிருந்துதான் அடித்தேன். தோளில் பட்டு விழுந்தான். கோடரி தூரப் போய்விட்டது. அவன் கையை ஊன்றிக் கதவை நோக்கித் தவழ்ந்தான். அதோடு நான் நின்றிருந்தால் இந்தக் கடிதம் இங்கேயே முடிந்திருக்கும்.

வெளியே அவன் வண்டி நிற்பது எனக்குத் தெரிந்தது. முழங்காலில் அடித்தேன். பிறகு மற்ற முழங்காலில். வண்டி ஓட்ட முடியாது என்று தெரிந்தபின்பும் அடித்தேன். "வேணாம் மாமா, வேணாம்" என்று கத்தினான். எத்தனை முறை அடித்தேன் என்று எனக்கு நினைவில்லை. கேமராவுக்கு நினைவிருக்கிறது. ராண்டல் வந்து என் கையிலிருந்து ஸ்பேனரைப் பிடுங்கியபோது நான் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தேன். அவன் தரையில் அலறிக்கொண்டிருந்தான். குளிருக்கு நான் போர்த்திக்கொள்ளும் போர்வை ஆணியில் என் தலைக்குமேலேயே தொங்கியது. எடுத்து அவன்மேல் போர்த்தவில்லை.

அல்பீனா மருத்துவமனைக்கு வந்து என் காதோடு சொன்னாள். "அவன் விழுந்ததோட படம் போதும் எமில். மிச்சத்த யாரு கேட்டா? மாரிபெல்லக் கூப்பிட்டு அழிச்சிடு." மாரிபெல்லையும் கூட்டி வந்திருந்தாள். அவள் வந்து கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "அழிச்சுத் தரேன் சார். நீங்க சொன்னா இப்பவே. ஆனா வெட்டின எடம் தெரியும். அவன் வக்கீல் அதத்தான் பிடிப்பான். வெட்டி ஒட்டின படம்னு சொல்லி மொத்தத்தையும் தள்ளச் சொல்லுவான்."

மொத்தமும் என்றால் என்ன என்று யோசித்துப் பார். அவன் சிரித்தது, கை என்றது, வண்டியும் நாயும், உன் ஊர்ப் பெயர், ஐவியின் பல். எல்லாம் போய்விடும். கர்டிஸ் மறுபடியும் சத்தியம் செய்வான். அவன் முழங்கால் ஒருநாள் கூடிவிடும்.

முழுப் பதிவையும் அப்படியே ராண்டலிடம் கொடுக்கச் சொன்னேன். அல்பீனா அறையை விட்டுப் போய்விட்டாள். கதவை அவள் சாத்திய சாத்தில் நர்ஸ் ஓடி வந்தாள். எனக்கு வாய்த்த வக்கீல் அம்மாள், "உங்கள நீங்களே கட்டிக் கொண்டுபோய்க் குடுத்திருக்கீங்களே சார், என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்று தலையில் கை வைத்தார். கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பார். அதனால்தான் கேட்கவில்லை.

டெரிக் சிறை மருத்துவமனையில் இருக்கிறான். பிணை இல்லை. பதிவைப் பார்த்ததும் கர்டிஸ் தன் சத்தியத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டுவிட்டான். டெரிக் வெளியே வரும்போது ஐவி வளர்ந்த பெண்ணாக இருப்பாள் என்கிறார் அரசு வழக்கறிஞர். கீழே கிடந்தவனை அடித்ததற்காக என்மேலும் குற்றம் பதிவாகியிருக்கிறது. ஆமாம், செய்தேன் என்று சொல்லிவிட்டேன். ஜூனில் தீர்ப்பு. ஒரு வருடமும் ஆகலாம், கூடவும் ஆகலாம். அதைப் பற்றி எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. அங்கேயும் பழுதான இயந்திரம் இல்லாமலா போகும்?

ஆகவே இனி நீங்கள் வரலாம். உன் அறையை அல்பீனா கூட்டிப் பெருக்கி வைத்திருக்கிறாள். என்னோடு இன்னும் பேசவில்லை, ஆனால் பெருக்குகிறாள். எனக்காகக் காத்திருக்க வேண்டாம். நான் இல்லாதபோது வந்தாலும் அது உன் வீடுதான்.

இன்னும் ஒன்று. அதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

அவன் வழக்கில் சாட்சி சொல்ல உன்னைக் கூப்பிடுவார்கள். போ. உனக்கு அவன் செய்ததை எல்லாம் தலை நிமிர்ந்து சொல். ஆனால் பட்டறைப் பதிவை அங்கே எல்லோர் முன்னாலும் போட்டுக் காட்டுவார்கள். போடப் போகிறோம் என்று சொன்னதும் எழுந்து வெளியே போய்விடு. அரசு வழக்கறிஞரிடம் பேசிவிட்டேன், நீ இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வக்கீல் அறையில் எனக்கு அதைக் காட்டினார்கள். நான் முதல் பாதியை நேராகப் பார்த்தேன். அதில் அடிக்கிறவன் முகம் எனக்குத் தெரிந்த முகம்தான். இரண்டாம் பாதியிலும் ஒருவன் அடிக்கிறான், மார்லா. சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தால் இரண்டு முகத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை. நீ ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு எதைப் பார்த்துப் பயந்து ஓடினாயோ, அதுதான் அங்கே நின்றது, என் சட்டையைப் போட்டுக்கொண்டு.

யார் வேண்டுமானாலும் பார்க்கட்டும். நீ மட்டும் பார்க்காதே. நான் திரும்பி வரும் நாளில் நீ எனக்குக் கதவைத் திறக்கும்போது, பின்வாங்காமல் நிற்க வேண்டும். வேறு எதுவும் உன்னிடம் கேட்கவில்லை.

நீயும் ஐவியும் யார் காலடிச் சத்தத்துக்கும் திடுக்கிடாமல் நீண்ட காலம் வாழ வேண்டும்.

என்றும் உன்,
அப்பா